புறப்பெயர்களும் பொதுப் பதிவேடும்: ஈச்சிலம்பற்று என்னும் ஊர்ப்பெயர் கொண்டு ஒரு நோக்கு

திருக்கோணமலை மாவட்டத்தின் தென்பால், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூருக்கும் வெருகலாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்தது ஈச்சிலம்பற்று. வயலும் களப்பும் கடலும் சூழ்ந்த இப்பகுதியை, வெருகலம்பதியிற் கோயில் கொண்ட சித்திரவேலாயுத சுவாமியின் திருவிழாவுக்குச் செல்லும் அடியார் நன்கறிவர். இவ்வூர்ப்பெயரை எழுதுவதில் இருவகை வழக்கு உண்டு. ஈச்சிலம்பற்று என எழுதுவார் ஒரு சாரார். ஈச்சிலம்பற்றை என எழுதுவார் மற்றொரு சாரார். பற்று என்பது கிழக்கிலங்கையில் நிலப்பிரிவைக் குறிக்கும் பழஞ்சொல். கோறளைப்பற்று, மண்முனைப்பற்று, கொட்டியாரப்பற்று என்னும் பெயர்கள் இதற்குச் சான்றாம். பற்றை என்பதோ ஈழத்து வழக்கிற் புதரைச் சுட்டும். முன்னதை ஏற்பின் இஃது ஆட்சிப் பிரிவொன்றின் பெயர். பின்னதை ஏற்பின் ஈச்சமரம் செறிந்த காட்டின் பெயர். ஈற்றெழுத்து ஒன்று மாற, ஊர் தோன்றிய கதையே மாறிவிடுகின்றது.

தமிழெழுத்தில் இவ்வேறுபாடு வெளிப்படையாக நிற்கும். உரோம எழுத்தில் எழுதும்போது நிலைமை வேறு. இரட்டித்த றகரமும் இரட்டித்த டகரமும் அவ்வெழுத்தில் ஒன்றாகிப் 'பற்று' என்பதும் 'பட்டு' என்பதும் வேற்றுமையின்றித் தோன்றுகின்றன. முதலெழுத்தாகிய ஈகாரத்தை எழுதுவதிலும், சகர இரட்டிப்பை எழுதுவதிலும் ஒருவர் முறை மற்றொருவர் முறையோடு ஒவ்வாது. அரச ஆவணங்களிலும் நிலப்படங்களிலும் செய்தித்தாள்களிலும் இவ்வொரு பெயருக்கே பல உரோம வடிவங்கள் வழங்குகின்றன. கொட்டியாரம் என்னும் பெயர், 1660 ஆம் ஆண்டில் அங்குச் சிறைப்பட்ட ரொபேட் நொக்ஸ் எழுதி 1681 இல் இலண்டனில் அச்சேறிய நூல் முதலாக உரோம எழுத்திற்குப் பழகியது. ஈச்சிலம்பற்றுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை.

கடதாசியில் எழுதும்வரை இது சிறு தொல்லையே. கடிதத்தில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் தபாற்காரர் ஊகித்துக் கொண்டுசேர்ப்பர். இணையத்திலோ ஊகம் என்பதற்கு இடமில்லை. அங்கு ஓர் இடத்தை அடைவதற்கு உலாவியில் எழுதும் பெயரைக் களப்பெயர் என்பர். அப்பெயர் எழுத்துக்கு எழுத்து பதிவேட்டில் உள்ளபடி அமைதல் வேண்டும். நெடுங்காலம் அப்பதிவேடு ஆங்கிலத்தின் 26 எழுத்துக்களையும், பத்து இலக்கங்களையும், ஓர் இணைகோட்டையும் அன்றிப் பிறிதெதனையும் ஏற்றதில்லை. ஆகவே, தன் ஊர்ப்பெயரைத் தமிழில் மாத்திரம் அறிந்த ஒருவர், அவ்வூருக்கென ஓர் இணையப்பக்கம் அமைந்திருந்தாலும், பல உரோம வடிவங்களுள் எதனை எழுதுவது என்றறியாது வாயிலிலேயே நின்றுவிடுவார். இந்த வாயிலைப் பலர் பலவாறு திறக்க முயன்றனர். பதிவேட்டை மாற்ற இயலாதோர் உலாவியை மாற்றினர். உலாவியோடு பின்னர் இணைத்துக்கொள்ளும் சிறு நிரலாகிய நீட்சியின் துணைகொண்டு, பொதுப் பதிவேட்டில் இல்லாத பெயர்களை வழங்கச் செய்தனர். அம்முயற்சியின் வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு.

பதிவேடு ஒன்றே என்னும் நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதனை முதற்கண் அறிதல் வேண்டும். அமெரிக்காவில் ஆராய்ச்சிக்கென அமைந்த பழைய கணினி வலைப்பின்னலிற் பொறிகள் சிலவே இருந்தன. அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய பணிமனை அக்கோப்பைப் பேணியது. புதுப்பெயர் வேண்டுவோர் அப்பணிமனைக்கு அறிவிப்பர். ஏனையோர் காலந்தோறும் அக்கோப்பைப் படியெடுத்துக்கொள்வர். பொறிகள் பெருகப் பெருக இம்முறை தாங்காதாயிற்று. 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பார் மரம்போற் கிளைத்த புதிய முறையொன்றை வகுத்தார். வேரில் ஒரு சிறு பட்டியல், அதன்கீழ் நாடுகளும் துறைகளும், அவற்றின்கீழ் தனிப்பெயர்கள். கிளைகளைப் பலர் ஆளலாம், வேர் ஒன்றே. இலங்கைக்குரிய ஈரெழுத்துக் கிளை 1990 இல் அவ்வேரிற் சேர்ந்தது. அதனைப் பேணும் பொறுப்பு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து வளர்ந்த பதிவகத்திடம் அமைந்தது.

இலங்கை மக்களுக்கு இம்முறை முற்றும் புதியதன்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்நாட்டில் எழுதுவித்த தோம்புகளை நினைவுகூர்ந்தால் இதன் இயல்பு எளிதில் விளங்கும். காணி முன்னரே உண்டு. அதனை உழுதவரும் உண்டு. எனினும் தோம்பில் ஏறிய பின்னரே அஃது ஆட்சியாளர் கண்ணுக்குக் காணியாயிற்று. தோம்பெழுதுவோர் எவ்வாறு பெயரைக் கேட்டனரோ, எவ்வெழுத்தில் எழுதினரோ, அதுவே பின்னர் வழக்குமன்றத்திற் பெயராக நின்றது. இணையத்தின் வேர்ப்பட்டியலும் அத்தகையதே. 1998 இல் அதனைப் பேணக் கலிபோர்னியாவில் ஐக்கான் என்னும் நிறுவனம் அமைக்கப்பட்டது.

தமிழ் இப்பதிவேட்டின் வாயிலை அடைந்த வழி சிங்கப்பூரினூடாகச் செல்வது. 1995 இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் இணையத்தில் ஏற்றும் பணியிற் கவிஞரும் கணினித் தமிழறிஞருமாகிய நா. கோவிந்தசாமி தமிழ்ப்பக்கத்தை அமைத்தார். அவரோடு இணைந்து உழைத்தவர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ. அக்காலத்துத் தமிழ்ப்பக்கங்களைப் படிக்க முயன்றோர் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தது. பாமினி உள்ளவருக்குப் படிக்கக் கிடைத்தது, இல்லாதவருக்குப் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றிற்று. அந்தந்த எழுத்துருவை இறக்கிப் பொறியில் இட்ட பின்னரே தமிழ் தமிழாகத் தெரிந்தது. படிப்பவர் தன் பொறியில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டாலன்றிப் படிக்க இயலாத எழுத்து, படிப்பவர் தொகையைத் தானே சுருக்கிவிடும் என்பது தமிழர் அன்றே கண்ட உண்மை. களப்பெயர் வரலாற்றிலும் இதுவே மீண்டும் நிகழ்ந்தது.

ஆங்கிலமல்லாத எழுத்துக்களிற் களப்பெயர் அமைக்கலாம் என்னும் கருத்தை 1996 இன் இறுதியில் மார்ட்டின் டூர்ஸ்ட் என்பார் ஒரு வரைவாக வெளியிட்டார். 1998 இல் டான் டின் வீயும் அவர்தம் குழுவினரும் ஆசிய நாடுகள் பலவற்றைச் சேர்த்து இதனைச் சோதித்தனர். அவர்கள் கையாண்ட உத்தி எளியது. பொதுப் பதிவேடு ஆங்கில எழுத்தையன்றி ஏற்காதாகலின், பிறமொழிப் பெயரை ஒரு விதிப்படி ஆங்கில எழுத்துக்களின் கோவையாக மாற்றிப் பதிவேட்டில் இடுவது; பயனர் தம் மொழியில் எழுதும்போது அதே விதிப்படி மாற்றிப் பதிவேட்டை வினவுவது. பதிவேடு தன்னிடம் உள்ளது சீனமா தமிழா என அறியாது. அதற்குத் தெரிவது பொருளற்ற எழுத்துக்கோவை ஒன்றே.

மாற்றும் வேலையை எங்கே செய்வது என்பதே வினாவாயிற்று. இணையச் சேவை வழங்குவோரின் பொறியிற் செய்யலாம். அன்றேல் பயனரின் உலாவியிற் செய்யலாம். அக்கால உலாவிகள் இத்தகைய பெயரைக் கண்டால் பிழையெனத் தள்ளின. ஆதலின் உலாவியில் ஒட்டும் நீட்சிகள் தோன்றின. பல நிறுவனங்கள் இத்துறையிற் புகுந்தன. மாற்றும் விதியும் ஒன்றாக இல்லை. ஒருவர் முறையில் வாங்கிய பெயர் மற்றொருவர் நீட்சியில் திறக்கவில்லை. 'கொம்' என முடியும் பெயர்களைப் பேணும் வெரிசைன் நிறுவனம் 2000 ஆம் ஆண்டு நவம்பரிற் சீனம், யப்பான், கொரியம் ஆகிய மொழிப்பெயர்களைப் பதியத் தொடங்கிப் பின்னர் வேறு பல எழுத்துக்களுக்கும் அதனை விரித்தது. பணம் கொடுத்துப் பெயர் பதிந்தோர் பலர். அப்பெயரைத் திறக்கவல்ல உலாவியோ அரிது.

இந்நிலையில் 2003 சனவரியில் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. பயனர் ஒருவர் பிறமொழி எழுத்தில் எழுதிய பெயர் தன் பொறியை வந்தடைந்தால், 'அப்படியொரு பெயர் இல்லை' எனக் கூறுதற்குப் பதிலாக, அவரைத் தன் பக்கமொன்றுக்கு வெரிசைன் இட்டுச்சென்றது. ஐ-நேவ் என்னும் தன் நீட்சியை இறக்கிக்கொள்ளுமாறு அப்பக்கம் வேண்டியது. இணையக் கட்டமைப்பு வாரியம் என்னும் அறிஞர் குழு இதனைக் கண்டித்தது. பதிவேடு வினாவுக்கு விடை கூறவேண்டுமேயன்றி வினவியவரின் உள்ளத்தை ஊகித்தல் தகாது என்பதும், உலாவியல்லாத பிற பொறிகளும் அஞ்சலும் இதனாற் குழம்பும் என்பதும் அவர்தம் வாதம். அக்கண்டனம் தகுதியானதே. ஆயினும், தம் மொழிப்பெயர் திறவாமையைக் கண்டு சலித்தவர்களுக்கு அப்பக்கம் ஒரு விடையாவது தந்தது என்பதனையும் மறுத்தற்கில்லை.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மாற்றும் விதி ஒன்றாக நிறுவப்பட்டது. பியூனிகோட் எனப்படும் அவ்விதியை வகுத்தவர் அடம் கொஸ்டெல்லோ. எக்ஸ், என் என்னும் ஈரெழுத்தும் இரு சிறுகோடும் முன்னிற்க, பின் வருவது பிறமொழிப்பெயரின் மாற்றுருவம் என்பது அதன் அடையாளம். அதற்கு முன் வேறு முறையிற் பதிந்த பெயர்கள் மீளவும் மாற்றப்பட்டன. ஓப்பராவும் மொசில்லாவும் விரைவில் இவ்விதியைத் தம்முள்ளேயே ஏற்றன. பெரும்பாலோர் கையாண்ட மைக்ரோசொப்ட் உலாவி 2006 ஒக்டோபரில் வெளிவந்த ஏழாம் பதிப்பில் ஏற்றது. அன்றோடு அந்நீட்சியின் தொழில் முடிந்தது. ஒரு நீட்சிக்கு வாய்க்கத்தக்க நற்பேறு, தான் வேண்டப்படாது போவதே என்று சொல்லலாம் போலும்.

எனினும் ஒரு குறை எஞ்சியது. பெயரின் முற்பகுதி தமிழாயினும் பிற்பகுதி ஆங்கிலமாகவே இருந்தது. பாதிப் பெயரை எழுதி விசைப்பலகையை மாற்றி மறுபாதியை எழுதவேண்டும். வேர்ப்பட்டியலிலேயே பிறமொழி எழுத்து ஏறவேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. 2009 நவம்பரில் ஐக்கான் நாடுகளின் விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்கியது. 2010 மே மாதத்தில் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் அரபுப் பெயர்கள் முதலில் ஏறின. இலங்கைக்கு அவ்வாண்டிலேயே இரு பெயர்கள் கிடைத்தன: சிங்களத்தில் ஒன்று, தமிழில் 'இலங்கை' என ஒன்று. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் உரிய தமிழ்ப்பெயர்கள் 2011 இல் ஏறின. நாட்டின் பெயர் தமிழெழுத்தில் இணையத்தின் வேரில் நிற்பது இலங்கையிலிருந்து தொடங்கியது என்பது ஈழத்துத் தமிழர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. அது பெரிதும் பேசப்படாமைக்குக் காலமும் ஒரு காரணமாகலாம். போர் முடிந்து ஓராண்டே கழிந்திருந்தது.

இவ்வரலாற்றோடு ஒருசேர நிகழ்ந்த மற்றொன்றையும் ஒப்புநோக்குதல் தகும். 2001 இல் நியூநெற் என்னும் அமெரிக்க நிறுவனம், ஐக்கானின் இசைவின்றித் தானே பல புது முடிபுகளை அமைத்துப் பெயர்களை விற்றது. அதன் நீட்சியை உலாவியிற் சேர்த்தவருக்கும், அதனோடு உடன்பட்ட சேவை நிறுவனங்களின் வாடிக்கையாளருக்கும் அப்பெயர்கள் திறந்தன; உலகின் ஏனையோருக்கு அவை இல்லாத பெயர்கள். பிற நிரல்களோடு ஒட்டிக்கொண்டு கேளாமலே பொறியிற் புகுந்தமையால் அந்நீட்சியைப் பலர் அழையா விருந்தாகவே கருதினர். ஏறத்தாழ அதே காலத்தில், மாற்றுவேர் ஒன்று முன்னரே வழங்கி வந்த 'பிஸ்' என்னும் முடிபை ஐக்கானும் புதிதாக வழங்கியது. ஒரே பெயர் இருவர் கையில். எவரிடம் செல்வது என்பதனை உலாவியே முடிவு செய்தது. ஒரே காணிக்கு இரு தோம்புகளில் இருவர் பெயர் ஏறியது போன்ற இந்நிலையை முன்னறிந்தே, வேர் ஒன்றாதல் இன்றியமையாதது என இணையக் கட்டமைப்பு வாரியம் 2000 மே மாதத்தில் எழுதியிருந்தது.

சிங்கப்பூரார் நீட்சிக்கும் நியூநெற்றின் நீட்சிக்கும் உள்ள வேறுபாடு ஈண்டுப் புலனாகும். முன்னது பொதுப் பதிவேட்டுக்குள் செல்ல ஒரு மொழிபெயர்ப்பாளனைத் தந்தது. பின்னது பதிவேட்டுக்குப் புறம்பே வேறொரு பதிவேட்டைத் திறந்தது. முன்னதன் பயன் பின்னர் எல்லா உலாவிகளிலும் கலந்தது. பின்னதன் பெயர்களை வாங்கியோர் கையில் நாளடைவில் எதுவும் மிஞ்சவில்லை.

அங்ஙனமாயின், பொதுப் பதிவேட்டில் இடம் பெற்ற பின்னும் புறப்பெயர்களை நாடுவோர் ஏன் பெருகினர்? பதிவேட்டைப் பேணுவோரிடத்தும், வழியைப் பேணுவோரிடத்தும் எழுந்த ஐயமே காரணம். அந்த ஐயத்தை விளக்க நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 2006 இல் மாவிலாற்றுப் பிணக்கைத் தொடர்ந்து மூண்ட போரில் ஈச்சிலம்பற்றைச் சார்ந்த மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்து வாகரைப் பக்கம் சென்றனர். அப்பகுதியிலிருந்து செய்தி வெளிவருவது அரிதாயிருந்த காலம் அது. மறு ஆண்டு, 2007 சூனில், தமிழ்நெற் என்னும் செய்தித்தளம் இலங்கையின் இணையச் சேவை நிறுவனங்களால் மறிக்கப்பட்டது. அத்தளத்தின் நோக்குப் பற்றி எவர் எக்கருத்துக் கொண்டிருப்பினும், நாட்டுக்கு வெளியே திறந்த பெயர் நாட்டுக்குள் திறவாது போயிற்று என்பது நிகழ்ச்சி. 2010 திசம்பரில் விக்கிலீக்ஸ் தளத்தின் பெயரைத் தாங்கி நின்ற அமெரிக்கச் சேவை நிறுவனம் அதனைக் கைவிட்டபோது, அப்பெயர் உலகெங்கும் ஒரே நாளில் அவிந்தது. எவரிடமும் இசைவு பெறாது ஒரு பெயரை வைத்துக்கொள்ள இயலுமா என்னும் வினா அப்பொழுதே பலரிடையும் உரத்து எழுந்தது.

இவ்வினாவுக்கு 2001 இலேயே சூக்கோ என்பார் ஓர் எல்லை வகுத்திருந்தார். பெயர் மாந்தர் நினைவிற் கொள்ளத்தக்கதாதல், பிறர் களவாட இயலாததாதல், நடுவண் காவலர் எவருமின்றி வழங்குதல் என்னும் மூன்றில் இரண்டே ஒருங்கு அமையும் என்பது அவர் கருத்து. 2011 சனவரியில் ஆரன் சுவார்ட்ஸ் இதனை மறுத்து எழுதினார். பிட்கொயின் நாணயத்தின் பிளாக்செயின் எனப்படும் சங்கிலிப் பேரேட்டைப் பெயர்களுக்கும் பயன்படுத்தின் மூன்றும் கைகூடும் என்றார். அப்பேரேட்டை எவரும் தனித்து வைத்திருப்பதில்லை. உலகெங்குமுள்ள பொறிகள் அதன் படியை வைத்துக்கொண்டு, புதிய பதிவை ஒருங்கே ஒப்புக்கொள்கின்றன. 2011 ஏப்பிரலில் நேம்கொயின் என்னும் பேரேடு தொடங்கியது. 'பிட்' என முடியும் பெயர்களை எவரும் அதிற் பதியலாம். 36,000 பதிவுக்கட்டுகள், அதாவது ஏறத்தாழ 250 நாள், கழிவதற்குள் புதுப்பித்தல் வேண்டும். அழிக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

ஆனால் எந்த உலாவியும் அப்பேரேட்டைப் படிக்காது. ஆகவே நீட்சி மீண்டும் வந்தது. சில முறைகள் பேரேடு முழுவதனையும் பயனரின் பொறியிலேயே இறக்குமாறு வேண்டின. அது பொதுமக்கள் மேற்கொள்ளத்தக்கதன்று. ஆதலின் வேறு பல நீட்சிகள், தம்மை ஆக்கியோர் நடத்தும் ஒரு சேவையகத்தை வினவி, அது கூறும் விடையை உலாவிக்குக் கொடுத்தன. காவலர் எவரும் வேண்டா என்று தொடங்கிய முறையில், முகமறியாக் காவலர் ஒருவர் வாயிலில் வந்து அமர்ந்தார். அவர் பொய் கூறினாற் கண்டறியும் வழி சாதாரணப் பயனருக்கு இல்லை. பொதுப் பதிவேட்டின் காவலரையேனும் பெயரிட்டு வினவலாம், வழக்குத் தொடுக்கலாம்.

பயன்பட்ட அளவு என்ன? பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015 இல் நேம்கொயினை ஆராய்ந்தனர். பதிந்திருந்த பெயர்கள் ஏறத்தாழ 120,000. பிறர் பெயரைப் பிடித்து வைத்தல் என்னும் குற்றமின்றி, ஓரளவேனும் பொருளுள்ள பக்கத்தைத் தாங்கி நின்றவை 28. நினைக்குந்தோறும் வியப்பூட்டும் எண் இது. ஏனையவை பெரும்பாலும் புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர்கள். பின்னர் விலைகூறி விற்கலாம் என எண்ணியோர் முந்திக்கொண்டு எழுதி வைத்தவை. தன்னார்வலர் நடத்தும் மாற்றுவேராகிய ஓப்பன்நிக், தீய நிரல்கள் 'பிட்' பெயர்களுட் புகலடைகின்றன எனக் கண்டு 2019 இல் அம்முடிபைத் தன் பட்டியலினின்று நீக்கியது. காவலரின்மை நல்லார்க்கும் அல்லார்க்கும் ஒப்பவே துணையாயிற்று.

2017 மே மாதத்தில் ஈதரியப் பேரேட்டின்மேல் எழுந்த பெயர்முறை இதனினும் பரவியது. அதன் பெயர்களை மெட்டாமாஸ்க் முதலிய நீட்சிகள் திறந்தன. பிரேவ் போன்ற சில உலாவிகள் இத்தகைய பெயர்களைத் தாமே ஏற்கவும் தொடங்கின. நீட்சி இல்லாதோர் பொருட்டு ஒரு நுழைவாயிலும் அமைந்தது. ஈதரியப் பெயரின் ஈற்றில் மற்றொரு சொல்லைச் சேர்த்து எழுதினால் எந்த உலாவியிலும் அது திறக்கும். அச்சொல்லோ பொதுப் பதிவேட்டில் ஒருவர் பெயரிற் பதிந்த சாதாரணக் களப்பெயர். 2022 இல் அதற்குரியவர் அமெரிக்காவிற் சிறையில் இருந்தமையால் அதனைப் புதுப்பிக்க இயலாது போயிற்று. பெயர் காலாவதியாகிப் பிறர் கைக்கு விலைப்பட்டது. வழக்குமன்றத்தின் தடையுத்தரவு வந்த பின்னரே மீண்டது. எந்த மன்றமும் எந்த அரசும் தொடவியலாது எனப் போற்றப்பட்ட பெயர்கள், ஒரு பழைய களப்பெயரின் தவணைக்காகவும் ஒரு நீதிபதியின் கட்டளைக்காகவும் காத்து நின்றன.

இக்குறைகளைக் காட்டிப் பொதுப் பதிவேடு குற்றமற்றது எனக் கூறுதல் பொருந்தாது. 2021 பெப்ரவரி 6 ஆம் நாள் இலங்கைப் பதிவகத்தின் பதிவுகள் சிலவற்றிற் புறத்தார் கைவைத்தனர். கூகிளின் இலங்கைப் பெயரை எழுதியோர் நாட்டின் குறைகளை உரைக்கும் வேறொரு பக்கத்தைக் கண்டனர். சில மணி நேரத்தில் அது சீராக்கப்பட்டது. ஒரே இடத்தில் வைத்த திறவுகோல் களவு போயின் எல்லா வீடும் திறக்கும் என்பதும், திறவுகோல் யார் கையில் என்பது தெரிந்திருந்தமையால் விரைந்து மாற்ற இயன்றது என்பதும் அந்நிகழ்ச்சியிலேயே ஒருங்கு காணப்படுகின்றன. பேரேட்டு முறையில் மறைச்சொல்லைத் தொலைத்தவருக்கோ, களவு கொடுத்தவருக்கோ முறையிட இடமில்லை.

தமிழுக்கு இவ்விரு முறைகளுள்ளும் தனிப்பட்ட சிக்கலொன்று உண்டு. 'கௌ' என்னும் ஓரெழுத்தும் 'கெள' என்னும் ஈரெழுத்தும் கண்ணுக்கு ஒன்றே, பொறிக்கு வேறு. தமிழ் எண் ஒன்றும் ககரமும் அவ்வாறே மயங்கும். கௌரி என்பவர் பெயரைக் கெளரி எனப் பதிந்து மற்றொருவர் ஏமாற்றலாம். 2005 இல் உரோம எழுத்தோடு உருசிய எழுத்தைக் கலந்து புகழ்பெற்ற பணநிறுவனமொன்றின் பெயரைப் போலி செய்து காட்டியதும் உலாவிகள் விழித்துக்கொண்டன. பொதுப் பதிவேட்டின் வேருக்கு எந்தெந்தத் தமிழெழுத்து எவ்வாறு சேரலாம், எவை தம்முள் மயங்கும் என அறிஞர் குழு கூடி விதி வகுத்தது. அவ்விதி பற்றி முறையிடலாம், திருத்தம் கோரலாம். புறப்பெயர் முறைகளில் இவ்விலக்கணம் பிந்தியே வந்தது; அது வருமுன் பதிந்தவை பதிந்தவையே. எழுத்தியலும் புணரியலும் வகுத்துப் பழகிய மொழிக்குக் காவலரற்ற பேரேடு எத்துணை பொருந்தும் என்பது சிந்திக்கற்பாலது.

மற்றொரு பக்கம், பொதுப் பதிவேட்டிற் கிடைத்த உரிமையைத் தமிழர் எத்துணை ஆண்டனர் என வினவினால் விடை மகிழ்ச்சி தருவதன்று. 'இலங்கை' என முடியும் தமிழ்ப்பெயர் பதிய 2010 முதல் வழி உண்டு; நீட்சி எதுவும் வேண்டா. எனினும் தமிழ்த்தளங்களுள் மிகப் பெரும்பாலானவை உரோம எழுத்துப் பெயர்களிலேயே நிற்கின்றன. சோம்பல் மாத்திரம் இதற்குக் காரணமன்று. தமிழ்க் களப்பெயரைக் கொண்ட மின்னஞ்சல் முகவரியை ஏற்காத படிவங்கள் இன்றும் பல. தமிழ்ப் பெயரைப் படியெடுத்து ஒட்டினால், சில செயலிகளில் அது பொருளற்ற ஆங்கிலக் கோவையாய் மாறிக் காட்சியளிக்கும். 2023 மார்ச்சு 28 ஆம் நாள் எல்லா எழுத்துப் பெயர்களையும் எல்லா நிரல்களும் ஏற்கவேண்டும் என வலியுறுத்த உலகளாவிய நாளொன்று முதன்முறை கொண்டாடப்பட்டது. பதிவேட்டின் கதவு திறந்தபின்னும் உள்ளிருக்கும் அறைகளின் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறக்கப்பட வேண்டியிருத்தலையே அது காட்டுகின்றது.

இனி, ஊர்ப்பெயர்க்கு மீள்வோம். ஈச்சிலம்பற்று என்பது தமிழிலக்கண முறைப்படி எட்டெழுத்து. கணினி மெய்யின் புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனி எண்ணுமாகலின் அதற்குப் பதின்மூன்று குறி. களப்பெயரின் ஓர் உறுப்பு 63 ஆங்கில எழுத்துக்களுக்கு மேற்படலாகாது. மாற்றுருவம் பெற்றபின்னும் இப்பெயர் அவ்வெல்லைக்குள் எளிதில் அடங்கும். பேரேட்டு முறையொன்றில், ஈச்சிலம்பற்றைக் கனவிலும் காணாத ஒருவர் எங்கிருந்தோ பணம் செலுத்தி இப்பெயரைத் தமக்கென எழுதிக்கொண்டால், ஊரார் எவரிடம் சென்று கேட்பர்? 'இலங்கை' என்னும் கிளையின்கீழ் எழுதினாற் கேட்கும் இடமேனும் உண்டு. அங்கும் முந்தி வந்தவருக்கே முதல் உரிமை.

ஈச்சிலம்பற்றை என்பதும் எட்டெழுத்தே. அதற்கும் பதின்மூன்று குறியே. ஈற்றில் உகரக்குறி நின்ற இடத்தில் ஐகாரக்குறி நிற்கும். இவை கண்ணுக்கு மயங்குவன அல்லவாகலின் எந்த விதியும் இவற்றை ஒன்றாகக் கொள்ளாது. இரண்டு பெயரையும் இருவேறு மனிதர் இருவேறு தளங்களுக்குப் பதியலாம். ஊரின் பெயர் நிலப்பிரிவைச் சுட்டுவதா, ஈச்சம்புதரைச் சுட்டுவதா என்பதனை மொறட்டுவையிலுள்ள பதிவகமும் தீர்க்காது. உலகெங்கும் பரந்த பேரேடும் தீர்க்காது. பழைய காணி உறுதிகளையும் கோயிற் கணக்குகளையும் ஊர் முதியோர் வாய்மொழியையும் வைத்து வெருகலாற்றங்கரையில் இருந்து செய்யவேண்டிய ஆராய்ச்சி அது.